ஒரே ரேஸில் ஓட்டியவனுக்கு

அண்ணே, என் பிரியப்பட்ட அண்ணே,

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. உன்னைக் கட்டிய மைனி இப்போது அழாமல் சாப்பிடுகிறாள். உன் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். குழி தோண்டும் உன் பழைய பேக்ஹோ வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். நல்ல செய்தி இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஞானதாஸ் மாமாவைக் கொல்லப் பார்த்தேன்.

பேச்சிப்பாறை ரோட்டில் குடிதண்ணீர்க் குழாய்க்குக் குழி. உன்னோடு பத்து வருஷம் நின்ற மாதிரியே மாமா குழிக்குள் நின்று, பக்கெட் விட்டுப்போன மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். நீ வண்டியைக் கிளப்பியதும் ரேஸைக் கூட்டிக் குறைக்கும் கைத் த்ரோட்டிலை ஒரு இடத்தில் வைப்பாய். அணைக்கும்வரை தொடமாட்டாய். டீசல் வீண் என்று எத்தனை தடவை உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன்? டிப்ளமோ படித்தவன் நான். என்ஜின் சுற்றுக்குத் தகுந்தபடிதான் பம்ப் எண்ணெய் தள்ளும். ரேஸைக் குறைத்தால் எல்லாம் மெதுவாகும், உள்ளே நிற்கிறவருக்குப் பத்திரம். கணக்கு சரிதானே? குறைத்து வைத்தேன்.

வண்டியின் நீளக் கை, அந்த பூம், நத்தையாக நகர்ந்தது. மண்ணைக் கொட்டிவிட்டு பூமைக் குழிப்பக்கம் திருப்ப, லிவரைக் கடைசிவரை இழுத்தேன். போதவில்லை. இழுத்த லிவரை விடாமலே இன்னொரு கையால் ரேஸைக் கூட்டினேன்.

பூம் வீசிக்கொண்டு வந்தது. நான் லிவரை விடுவதற்குள் பக்கெட் மாமாவின் தலைக்கு மேலே போய், எதிர்க்கரையில் இடித்து நின்றது. அவர் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டு பக்கெட் பல்லில் தொங்கியது. மாமாவைக் காணவில்லை.

என்ஜினை அணைத்துவிட்டேன் அண்ணே. இறங்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குனிந்திருக்கிறார், அவ்வளவுதான். மண்ணை உதறிக்கொண்டு எழுந்தார். என்னை ஏசவில்லை, அது இன்னும் மோசம்.

"ஒனக்க அண்ணன் ஓட்டும்போ சத்தம் ஒண்ணுபோலதான் கேக்கும் மக்கா. நிமிந்து பாக்காமலே தெரியும், பக்கெட் எந்த வேகத்துல வருதுன்னு. இன்னைக்கி எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

வேலை முடிந்ததும் வண்டியை ஆளில்லாத மைதானத்துக்குக் கொண்டுபோனேன். லிவரை ஒரு விரலகலம் மட்டும் இழுத்துப் பிடித்து, ரேஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே விரலகலத்துக்குப் பூம் ஒருமுறை ஊர்ந்தது, ஒருமுறை பாய்ந்தது. இந்தப் பழைய வண்டியில் லிவரும் ரேஸும் சேர்ந்துதான் வேகம். ரேஸ் மாறினால் கை பழகிய அளவெல்லாம் பொய். குழிக்குள் இருக்கிறவரின் காதும் பொய். இதை நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால்தான் நான் கேட்டிருப்பேனா?

மறுநாள் எனக்கு முன்னாலேயே மாமா குழிக்குள் நின்றார், என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த முதுகைப் பார்த்ததும் சாவியைத் தொடவில்லை. இறங்கிப்போய் மேலே வரச் சொன்னேன்.

"எதுக்குடே? பேடிச்சிட்டியா?"

"ஆமா மாமா. நல்லா பேடிச்சிட்டேன்."

இவ்வளவு படித்தும் பேடியும் பயமும்தான் மிச்சமா என்று கேலி செய்தபடி ஏறி வந்தார்.

இப்போது த்ரோட்டில் நீ வைத்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் கண்ணை மூடினால் ஆளில்லாத குழி தெரிகிறது. உனக்கும் இப்படி ஒரு நாள் இருந்ததா அண்ணே? அதனால்தான் அதைத் தொடமாட்டாயா?

ஒரு வாக்குத் தருகிறேன். குழிக்குள் ஆள் இருக்கும்போது என் கை லிவரில் இருக்காது. வேலை எவ்வளவு பிந்தினாலும் சரி. இந்தப் பேடி என்றைக்கு என்னைவிட்டுப் போகிறதோ, அன்றைக்கு நான் வண்டியைவிட்டு இறங்கிவிடுவேன்.

உன் சீட்டில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் தம்பி,
பெனிட்