என் பெயரில் நீ வாங்கிய அடி

மச்சான்,

நேற்று எங்கள் ஆலையில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். முதலுதவி அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் தின்னர் வாடை, உன் வாடை. பகலெல்லாம் யார் வீட்டுச் சுவருக்கோ பெயின்ட் அடித்துவிட்டு, சாயங்காலம் பாகலூர் ரோட்டு கிக் பாக்ஸிங் பயிற்சிக் கூடத்துக்கு நீ கொண்டுவருவாயே, அதே வாடை. நர்ஸ் நீட்டிய படிவத்தில் ஒரு கேள்வி: 'தலையில் அடிபட்டு நினைவு தப்பியதுண்டா?' என் பேனா நின்றுவிட்டது.

ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவன் நீ. அன்றிலிருந்து அகதி முகாம்தான் உன் விலாசம். அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. ஆனால் காசுக்கு ஆடும் கிக் பாக்ஸிங் எல்லாம் பெங்களூரில். கர்நாடக எல்லையிலிருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டினால் போதும், எனக்கு அது பஸ் டிக்கெட். உனக்கு இன்னொரு தேசம்.

"என் ஆதாரை எடுத்துட்டுப் போடா. ரெண்டு பேருக்கும் ஒடஞ்ச மூக்குதானே, எவன் கண்டுபுடிக்கப் போறான்?" என்று கொடுத்தவன் நான்தான், பெரிய தர்மப்பிரபு மாதிரி. நான் இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிற ஆள். நீயோ என் பெயரில் நான்கு முறை ஏறி மூன்றில் ஜெயித்தாய். மேடையில் என் பெயரைக் கூவுவார்கள். "அடி எனக்கு, பேர் உனக்கு. நல்ல யாவாரம்டா" என்று சிரிப்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் சிரிப்பேன்.

நான்காவதில் காதோரம் உதை வாங்கி விழுந்தாய். கண் திறந்ததும் "நான் எங்க நிக்கிறன்?" என்று மூன்று தரம் கேட்டாய். மூன்று மாதம் மேடை ஏறக் கூடாதென்று டாக்டர் சீட்டு எழுதினார், என் பெயரில்.

பாழாய்ப்போன அடுத்த மாதமே, நீ அலையாய் அலைந்து கேட்ட அனுமதிக் கடிதம் வந்தது. முதல்முறையாக உன் சொந்தப் பெயரில் போட்டி. முகாம் முழுக்கச் சொல்லிவிட்டார் உன் அம்மா. வேறு அமைப்பாளர், வேறு டாக்டர். "இதுக்கு முன்னாடி நாக்-அவுட் ஆயிருக்கியா?" என்று கேட்டார். "இல்ல சேர், இதுதான் முதல் சண்டை" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன். உண்மையைச் சொன்னால் ஆதார் விஷயம் வெளியே வரும், ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று பயந்தேன். உனக்காகப் பயந்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்காகத்தான் பயந்தேன்.

ஜெயித்தாய். உன் பெயரை உன் அப்பா பெயரோடு சேர்த்துக் கூவினார்கள். "கேட்டியா? என்ர பேரைக் கேட்டியா?" என்று வியர்வையோடு என்னைக் கட்டிக்கொண்டாய். பஸ் ஓசூர் வருவதற்குள் தலை வலிக்கிறது என்றாய். டீ குடித்தால் சரியாகும் என்றேன், மடையன். மூளைக்குள் ரத்தக் கசிவாம். மூன்றாம் நாள் முகாமில் ஆள் கணக்கெடுத்தபோது, உன் பெயருக்குப் பதில் சொல்ல நீ இல்லை.

"முதல் சண்டையிலயே என்ர பிள்ளை போயிட்டானே தம்பி" என்று உன் அம்மா ஒவ்வொரு முறையும் அழுகிறார். அது ஐந்தாவது சண்டை அம்மா என்று நாக்கு நுனிவரை வரும். அவர் தரும் தேத்தண்ணியோடு விழுங்கிவிடுவேன்.

"எழுதுங்கண்ணா, பின்னால ஆள் நிக்கறாங்க" என்றாள் நர்ஸ். 'இல்லை' என்று எழுதினேன். என் தலைக்கு அது உண்மைதான்.

ஷிப்டு முடிந்ததும் நேராக முகாமுக்குப் போனேன். பர்சில் ஆதாருக்குப் பின்னால் வைத்திருந்த அந்தச் சீட்டை அம்மாவிடம் நீட்டி, "தலையில அடிபட்டப்போ டாக்டர் குடுத்ததும்மா" என்றேன். அவர் சீட்டிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஐயோ ராசா, உனக்கும் அடிபட்டதோ?" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

உனக்கு வரவேண்டிய அந்தக் கையையும் நான்தான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், மச்சான்.