பியானோ காணாமல் போன தட்டு

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. சளி. இடது காது அடைப்பு. மனைவி கோமதி ஆவி பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன், வியர்த்ததுதான் மிச்சம்.

வாட்ஸ்அப் ஜாஸ் குரூப்புக்கு என் பட்டியலை முடிக்க வேண்டும். 'கையில் இருக்க வேண்டிய பத்து இசைத்தட்டுகள்'. கோவில்பட்டி முதல் நாகர்கோவில் வரை பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். விதி ஒன்றுதான்: பழைய நினைப்பில் எழுதக் கூடாது, மறுபடி முழுக்கக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். விதி போட்டவன் நானே.

இதுவரை:
1. கிழவர் தட்டு. ட்ரம்பெட். ஊதுவதற்கு முன் இழுக்கிற மூச்சும் கேட்கும்.
2. சண்டைத் தட்டு. டிரம்ஸ்காரர் மற்ற எல்லோரையும் விரட்டுவார். புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதலில் கொடுக்கக் கூடாது, ஓடிவிடுவார்கள்.
3. மூக்கால் பாடுகிறவள். முதல் பக்கம் போதும்.

உண்மைப் பெயர்கள் எங்களில் யார் வாயிலும் நுழையாது. நாங்கள் வைத்ததுதான் பேர்.

நாலாவது, இருமல் தட்டு. என் உயிர். பியானோவும் சாக்ஸபோனும் மட்டும். கச்சேரி நடுவே சபையில் யாரோ இருமுவார். பியானோ அந்த இருமலுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு மேலே போகும். எட்டு நாள் இரவலுக்குப் பின், குரூப்பில் இருக்கும் உவரி அந்தோணி நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தார். நாளை கேட்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

ஆபீஸ் விட்டு வந்ததும் இருமல் தட்டு. மகளுக்குப் பரீட்சை, அதனால் ஹெட்ஃபோன்.

பியானோ இல்லை. சாக்ஸபோன் தனியாக அலைகிறது. பியானோ இருந்த இடது பக்கம் வெறும் அமைதி. இருமல் கேட்கிறது, பதில் இல்லை.

தட்டைத் துடைத்தேன். ஊசியைத் துடைத்தேன். அதேதான். மற்ற மூன்றையும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே கேட்கின்றன. ஆக மெஷின் சரி. தட்டுதான் போச்சு.

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அந்தோணியே ஏதோ துறைமுகத்தில் வாங்கிவந்து எனக்குக் கொடுத்தது. அவர் கொடுத்தது என்பதற்காக அவரே கெடுக்கலாமா?

நவம்பர் 11, செவ்வாய்

கோபம் அடங்கவில்லை. குரூப்பிலேயே வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "என்னவே அந்தோணி, இத்தன வருசமா கண்ணு மாதிரி வச்சிருந்தேன். எட்டே நாள்ல பியானோவத் தின்னுட்டீரே. உவரி மணல அள்ளிப் போட்டுத் தேச்சீரா?"

பதில்: "நான் கேக்கும்போது பியானோ இருந்துது வே." அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

"அப்பம் நான் பொய் சொல்லுதேனா?"

சாயங்காலம் குரூப்பை விட்டுப் போய்விட்டார். போகட்டும்.

அடைப்பு விடவில்லை. போனை வலது பக்கமே வைத்துப் பேசுகிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

மேலப்பாளையத்திலிருந்து காதர் வந்தான். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவன், குரூப்பில் இளையவன். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினான்.

"பியானோ கணீர்னு கேக்கே, அண்ணாச்சி."

"வெளாடாதலே."

"அல்லா மேல சத்தியமா."

ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி என் தலையில் வைத்தான். பியானோ வந்தது! ஒரு நொடி அப்பாடா என்றிருந்தது. பிறகு சாக்ஸபோனைத் தேடினேன். காணோம்.

காதர் பையக் கேட்டான். "அண்ணாச்சி, காது எத்தன நாளா இப்பிடி?"

மற்ற மூன்றும் பழைய காலத்துப் பதிவுகள். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். ஒரு காது போதும் அவற்றுக்கு. இருமல் தட்டில்தான் இடது பக்கம் பியானோ மட்டும், வலது பக்கம் சாக்ஸபோன் மட்டும். இது தெரியாதவனா நான்? குரூப்பில் இதைப் பற்றிப் பாடமே எடுத்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

பாளையங்கோட்டை. காது டாக்டர்.

"சளியில்ல சார், நரம்பு. மொத ரெண்டு நாள்லயே வந்திருக்கணும்."

கோமதி முந்திக்கொண்டாள். "அந்த ரெண்டு நாளும் தட்டத் தொடச்சிட்டு இருந்தாவ, டாக்டர்."

பத்து நாளைக்கு மாத்திரை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நான் செய்ய ஒன்றுமில்லை. இடது காதருகே விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்க்கிறேன். மகள் அழுகிறாள், அதனால் குளியலறையில் போய்ச் சொடுக்குகிறேன். பயமாக இருக்கிறது.

அந்தோணிக்கு ஆறு தடவை போன். எடுக்கவில்லை. குரூப்பில் மன்னிப்பு எழுதினேன். அவர்தான் அங்கே இல்லையே.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். பட்டியலை நிறுத்திவிட்டேன். நாலாவதைப் பாதி கேட்டு எப்படி எழுத?

பதினோரு மணிக்கு அந்தோணியே வந்து நின்றார். காதர் சொல்லியிருக்கிறான். கோமதி கையில் பனங்கற்கண்டும் என் கையில் ஒரு சின்ன வயரும் கொடுத்தார். வயர் காதர் செய்து கொடுத்ததாம்.

"ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேத்தாச்சு. இப்பம் கேளும்."

கேட்டேன். இருமல், பதில், எல்லாம் வலது காதில். இருவரும் இருக்கிறார்கள், ஆனால் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே இடத்தில். முன்பு அவர்களுக்கு நடுவே ஓர் இடம் இருக்கும், அங்கேதான் நான் உட்கார்ந்திருப்பேன். அது இல்லை. அழுதேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "தப்பு என் பேர்லதான் வே. மன்னிச்சிரும்." அந்தோணி என் இடது பக்கம், எப்போதும் உட்காருகிற இடத்தில். அடுக்களையில் ஓடிய மிக்ஸி மட்டும் என் காதில் விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிக்ஸி நின்ற பிறகு திரும்பினேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் சொன்னீரா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் வே."

திரும்பச் சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.