ஆறு பேர் கால் நீட்டும் வண்டி

1958 செப்டம்பர் 14, ஞாயிறு. திண்டிவனம்.

திருச்சிலுவைத் திருநாள். ஆனாலும் இரண்டாம் பூசைக்குத்தான் போக முடிந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கத்துக் கல்யாணத்துக்குப் போன நம் பாண்டுக்காரர்கள் காலையில்தான் திரும்பினார்கள். ஆறு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பெரிய டிரம் மட்டும் நனையவில்லை. என் தம்பி சவுரிராயன் தன் ஜமக்காளத்தை அதற்குப் போர்த்திவிட்டான்.

அப்பாதுரைக்குக் காய்ச்சல். செபஸ்தியார் பாண்டு என்று பெயர் நம்முடையது, கிளாரினெட் வாசித்து நடத்துகிறவர் என் வீட்டுக்காரர். ஆனால் கல்யாணம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, “டிரம்பட் ஊதற அந்த ஆளு வர்றானா?” என்றுதான். அந்த ஆள் அப்பாதுரை.

சுக்குக் கஷாயம் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான்: “மாட்டுக் கொட்டாயில படுங்கன்னாங்க அண்ணி. சரின்னு படுத்தோம். மழ வந்துச்சி. மாடுங்கள ஓட்டியாந்து உள்ள கட்டிட்டு எங்கள வெளிய போவச் சொல்லிட்டாங்க. மாட்டுக்குச் சளி புடிச்சிக்குமாம்.”

இவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“தை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள படுக்க ஒரு எடம் பண்ணுங்க. இல்லன்னா விழுப்புரம் ரயில்வே ஷெட்டுல மாமா கூப்ட்டுக்கினே இருக்காரு, போய்ச் சேந்துடுவேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கோபமே இல்லை.

செப்டம்பர் 16

அப்பாதுரை போனால் பாண்டு இல்லை. வண்டி வாங்கியாக வேண்டும். ஏறிப் போக மட்டும் அல்ல, உள்ளே படுக்கிற மாதிரி.

செப்டம்பர் 18

இவரிடம் பேசினேன். பாண்டுப் பங்கில் எடுத்து வைத்திருப்பது பழைய வண்டிக்குத்தான் காணும் என்று கணக்கைக் காட்டினேன். வண்டி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. விழுப்புரத்தில் ஒரு பிளஷர் கார் விலைக்கு இருக்கிறதாம். மேலே கூண்டைத் திறக்கலாமாம், நிக்கல் ஹாரனாம்.

“ஆறு பேர் படுக்க முடியுமா?”

“பாண்டுக்காரன் எங்கனா படுத்துக்கினு வருவானா பொன்னி? நிமிந்து உக்காந்துக்கினு வரணும். அப்பதான் மரியாத.”

“போவும்போது நிமிந்துக்கினு போங்க. ராத்திரிக்கு?”

 கிளாரினெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பதில் இல்லாதபோது எப்போதும் அதைத்தான் துடைப்பார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஆறு பேரையும் நம் வீட்டு வாசலில் வரிசையாகப் படுக்க வைத்தேன். வெட்கப்பட்டார்கள். அப்பாதுரை போர்வையோடு வந்தான். “வெறைச்சிக்கினு படுக்காதீங்க, தூங்கறாப்போலப் படுங்க” என்றேன். பச்சைமுத்து உடனே கால் இரண்டையும் பரப்பிவிட்டான். தாளம் தட்டுகிறவன்; முன்பு அரிசி மில்லில் லாரி ஓட்டினவன். வண்டி வந்தால் அவன்தான் ஓட்டவேண்டும் என்பதால் அவன் காலுக்குத் தாராளமாக இடம் விட்டேன். கால்மாட்டில் டிரம்மை வைத்தேன்.

எதிர்வீட்டு வீரம்மாள் குடத்தோடு நின்றாள். “என்னாடி பொன்னி, ஆறு பேரையும் ஒரே குழியில அடக்கம் பண்ணப் போறியா?”

“வண்டிக்கு அளவு எடுக்கறேன்.”

“துணிக்கு அளவெடுத்துப் பாத்திருக்கறேன், வண்டிக்கு அளவெடுக்கறது இப்பதான் பாக்கறேன். உன் ஊட்டுக்காரரு வயித்துக்கு ஒரு சாண் சேத்துப் போடு.”

கிணற்றுக் கயிற்றில் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு, நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரத்துக்கு ஒரு முடிச்சு. இந்தக் கயிறு அடங்காத வண்டி நமக்கு வண்டி இல்லை.

அக்டோபர் 10

உரோமையில் போப்பாண்டவர் மரித்துவிட்டாராம். கோவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டிப் பேச்சு இன்று வேண்டாம் என்றார் இவர். சரி.

அக்டோபர் 13. விழுப்புரம் போய் வந்தது.

நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துப் போனேன். இவர், தம்பி, பச்சைமுத்து, நான். தரகர் வெங்கடாசலம் என்னைப் பார்த்ததும் இவரிடம், “அம்மாவுக்கு எதுக்குங்க செரமம்? நெழல்ல உக்காரச் சொல்லுங்க” என்றார். நான் கயிற்றை எடுத்ததும் தானே முன்னால் நடந்து வண்டிகளைக் காட்டினார்.

முதலில் பிளஷர் கார். நீள முடிச்சு டிரைவர் சீட்டைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி வெளியே போயிற்று. இவர் அதற்குள் ஏறி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு இறக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது ரொட்டிக் கம்பெனி வேன். கயிறு அடங்கியது. எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தச் சொல்லி உள்ளே உட்கார்ந்து ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லிப் பார்த்தேன். பத்தாவது அருள்நிறை மந்திரத்துக்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. காலில் எறும்பு. “ஆறு பேரு இதுல படுத்தா காலையில ரொட்டிதான்” என்றான் பச்சைமுத்து.

மூன்றாவது, புளியமரத்தடியில் கிடந்தது. யுத்தகாலத்து மிலிட்டரி ஆம்புலன்ஸ், பக்கங்களில் சிவப்புச் சிலுவையோடு; டிஸ்போசல் ஏலத்தில் எடுத்ததாம். இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஸ்ட்ரெச்சர் வைக்கிற சட்டம், ஆக நாலு படுக்கை. நடுவில் தரையில் இரண்டு பேர். கால்மாட்டில் டிரம். மூன்று முடிச்சும் அடங்கின. கூரையில் காற்றுக்கு மூடி வைத்த துவாரம். கதவைச் சாத்திப் பத்து மணியும் சொன்னேன், முழு ஜெபமாலையே சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்தால் மூன்று பேரும் நாலடி தள்ளி நிற்கிறார்கள்.

“அக்கா, இது பொணம் போன வண்டி” என்றான் தம்பி.

“யாரு சொன்னது?” என்றார் வெங்கடாசலம். “காயம் பட்டவன் மட்டும்தான் ஏறினான். ஒருத்தன்கூட உள்ள சாவல. வேணும்னா சத்தியம் பண்றேன்.”

“நீங்க அப்ப யுத்தத்துலயா இருந்தீங்க?” என்று கேட்டேன். வெற்றிலை எச்சிலைத் துப்பப் போய்விட்டார்.

இன்ஜினைப் பச்சைமுத்து கிளப்பிப் பார்த்தான். பயந்துகொண்டேதான் கிளப்பினான், ஆனால் நல்ல இன்ஜின் என்று ஒப்புக்கொண்டான்.

அக்டோபர் 14

வீட்டில் ஒரே சண்டை. தம்பி: “கல்யாணத்துக்குப் போற வண்டியாக்கா இது? பொண்ணு ஊட்டுக்காரன் செருப்பால அடிப்பான்.” இவர்: “ராத்திரி மேல்தட்டுல யாருனா இருமினா நான் என்னா பண்றது?” அப்பாதுரையைக் கேட்டேன். “பேயி இருந்தாலும் பரவால்ல அண்ணி, மழ பேயாம இருந்தா சரி. ஆனா நான் மட்டும் சொல்லி என்னா ஆவும்?” என்றான். ரயில்வேயில் மனுப் போட்டுவிட்டானாம். அதையும் சொன்னான்.

செத்தவர்களுக்குப் பயப்படுகிறார்கள். உயிரோடிருக்கிற ஒருவன் போய்விடுவானே என்று பயமில்லை. என்ன ஆம்பிளைங்களோ! மாதாவே, எனக்கு வாய் அதிகம் போகாமல் பார்த்துக்கொள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பங்குச் சுவாமியாரிடம் சொன்னேன். தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் சொன்னது வேறு. “அதுல யாராச்சும் செத்திருந்தா அவனுக்குன்னு அழ இங்க யாரும் இல்லம்மா. கல்லறைத் திருநாள் வருது. பேர் தெரியாட்டியும் பூசை வைக்கலாம். சர்வேசுரனுக்குப் பேர் தெரியும்.”

எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 3, திங்கள்

கல்லறைத் திருநாள், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கான நாள். இரண்டாம் தேதி ஞாயிறாகப் போனதால் இன்று. “யுத்தத்தில் வண்டியில் மரித்த, பேர் தெரியாத ஆத்துமாக்களுக்காக” என்று சுவாமியார் பீடத்தில் வாசித்தார். அந்தக் கருத்துக்காகப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தது நான். ஆறு பேரையும் வரச் சொல்லியிருந்தேன், வந்தார்கள். பூசை முடிந்து கல்லறையில் பாண்டு வாசிக்கும்போது அப்பாதுரை டிரம்பட்டை அடக்கி ஊதினான். தம்பி அழுதுவிட்டான்.

திரும்பும்போது இவரே சொன்னார்: “இனிமே அவனுங்க நமக்கு வேண்டப்பட்டவனுங்க ஆயிட்டானுங்க. வண்டிய எடுத்துடலாம்.”

நவம்பர் 12

வண்டி வந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வருவதற்குள் இரண்டு முறை நின்றதாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஏறி இறங்கிவிட்டார்கள். வீரம்மாள் மேல்தட்டில் படுத்துப் பார்த்துவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். “என் ஊட்டுல இவ்ளோ காத்து இல்லடி.”

டிசம்பர் 5

வண்டிக்கு நீலம் அடித்தாயிற்று, மாதாவின் நீலம். தம்பிதான் அடித்தான். முன்னால் ‘செபஸ்தியார் பாண்டு’ என்று வெள்ளையில் எழுதினான்.

இரண்டு பக்கமும் பின்கதவிலும் சிவப்புச் சிலுவை இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று பிரஷ்ஷோடு நின்றான். “சிலுவை மேல பெயிண்ட் அடிச்சி அழிக்கிறதா? ஞானஸ்நானம் வாங்கினவன்தானே நீ?” என்று அதட்டினேன். எல்லோரும் நான் சொன்னதுதான் சரி என்றார்கள். சிலுவையைச் சுற்றி நீலம் அடித்தான். அழகாகவே இருக்கிறது.

டிசம்பர் 29

அப்பாதுரைக்கு ரயில்வேயிலிருந்து கடுதாசி. பிப்ரவரி இரண்டாம் தேதி ஷெட்டில் சேரவேண்டும். படித்துக் காட்டச் சொன்னான், படித்துக் காட்டினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

“தையில ஒரு கல்யாணம் வண்டியில போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணி.”

1959 ஜனவரி 23, வெள்ளி

முதல் கல்யாணம். கிளியனூர், விருத்தாசலம் என்பவர் வீட்டில். நேற்று மத்தியானம் புறப்பட்டார்கள். வண்டிக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமென்று தெருவில் சொன்னார்கள். நான் மெழுகுதிரி கொளுத்தி ஆறு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டு அனுப்பினேன்.

இன்று திரும்பிவிட்டார்கள். எல்லாம் கெட்டுப்போயிற்று. என்னால்.

கிளியனூருக்கு முன்னால் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளைப் பாம்பு கடித்திருக்கிறது. சிவப்புச் சிலுவையைப் பார்த்ததும் ஜனங்கள் ஓடிவந்து ரோட்டை மறித்துக்கொண்டார்களாம். பச்சைமுத்து இறங்கி, “இது பாண்டு வண்டிம்மா, ஆஸ்பத்திரி வண்டி இல்ல” என்று சொல்ல, அந்த ஆளின் பெண்சாதி, “சிலுவையப் போட்டுக்கினு பொய் சொல்றியாடா பாவி!” என்று சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டாள்.

நான் அழிக்கவிடாத சிலுவை.

அப்பாதுரை அப்போது மேல்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தானாம். எழுந்து பார்த்தான். இறங்கினான். “வண்டியத் திருப்புண்ணே” என்றான். அவ்வளவுதான். அவன் படுத்திருந்த இடத்திலேயே அந்த ஆளைப் படுக்கவைத்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுபடி போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வாத்தியம் இல்லாமல் நடந்து வந்தாராம்.

விருத்தாசலம் பந்தலில் எல்லார் எதிரிலும், “பாண்டு வருதுன்னு பாத்தா ஆஸ்பத்திரி வந்து நிக்குது. ஊதப் போறீங்களா, ஊசி போடப் போறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். பேசினதில் பாதிதான் கொடுத்தார்.

தம்பி என்னைப் பார்க்காமலே சொன்னான்: “கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கியாறேன்.” இவர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாதுரை டிரம்பட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜனவரி 24

அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்து வந்தேன். தோத்திரம். அவன் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் உங்க ஆளுங்களாட்டம் இருந்தா தேவலம்மா” என்றாள். நாம் பாண்டுக்காரர்கள் என்று இன்னமும் நம்பவில்லை அவள்.

நான் செய்தது தப்பா? அழித்திருந்தால் கல்யாணம் கெட்டிருக்காது. அழித்திருந்தால் இந்த ஆள்?... எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இப்படி நின்றால் பாண்டு பிழைக்காது. அழிக்கவும் மாட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பூசையில் பீடத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஆஸ்பத்திரிச் சிலுவைக்கு நாலு பக்கமும் ஒரே அளவு. நம்முடையதற்குக் கீழ்க்கட்டை நீளம். வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். “அழிக்க வேணாம். வளத்து உடு. கீழ்ப்பக்கம் படிக்கட்டு வரைக்கும் இழு. சிவப்பு மேல தங்க வர்ணம் பூசு.”

தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். “இத டிசம்பர்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“டிசம்பர்ல எனக்குத் தெரியலடா.”

மாலைக்குள் மூன்று சிலுவையும் வளர்ந்துவிட்டன.

பிப்ரவரி 1

நாளை இரண்டாம் தேதி. அப்பாதுரை வரவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை. அனுப்பினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். கெஞ்சினால் வந்துவிடுவான், அது வேண்டாம்.

பிப்ரவரி 4

பிரம்மதேசத்துக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். வண்டி கிளம்புகிற நேரத்துக்கு அப்பாதுரை டிரம்பட்டோடு வந்து ஏறினான். எப்போதும்போல. 

விழுப்புரம் போனானா, லீவு சொல்லி வந்திருக்கிறானா? இவருக்கும் தெரியாது.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் வந்து சேர்ந்தார்கள். வழியில் யாரும் மறிக்கவில்லை. முகூர்த்தம் முடிந்து வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, வெயில் ஏறும்வரை ஆறு பேரும் தூங்கியிருக்கிறார்கள். இவர் முகத்தில் சட்டத்தின் அச்சு இன்னும் போகவில்லை. பேசிய பணம் முழுதும் வந்தது, வரவில் எழுதிவிட்டேன்.

மற்றவர்கள் போன பிறகும் அப்பாதுரை நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணி, அந்த மேல்தட்டு எடப்பக்கம் பலகை தலைக்கு ரொம்ப ரப்பா இருக்குது. ஒரு தலகாணி தெச்சிக் குடுங்க. இலவம் பஞ்சு நானே வாங்கியாறேன்.”

“சரிப்பா.”

“ஒறையில என் பேரு எழுத்து ஒண்ணு போட்டுடுங்க. இல்லன்னா பச்சைமுத்தண்ணன் எடுத்துக்குவாரு.”

சிவப்பு நூலால் ‘அ’ போட்டேன். நூல் வீட்டிலேயே இருந்தது. செலவு இல்லை.