திருப்பிக் கொடுத்த பாயிண்டு

ஸாக்ரெப்,
ஆகஸ்ட் 1934

அன்பு மகள் நெவென்காவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஷிமேயும் குழந்தையும் அந்த உலகக் கோடியில், பூந்தா அரேனாஸ் குளிரில், இருமல் சளி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மா ப்ளம் பழப் பாகு காய்ச்சுகிறாள், வீட்டில் எங்களைவிடக் குளவிகள்தான் அதிகம். முழங்கால் வலிக்கு நான் கொடுக்கும் தைலத்தைத் தொடமாட்டேன் என்கிறாள், மருந்துக் கடைக்காரன் பெண்டாட்டிக்கு மருந்தில் அவ்வளவு நம்பிக்கை.

உன் தம்பி டாலிபோர் இப்போது ஊரில் பெரிய ஆள். உன் அத்தை ஷ்டெஃபா கண் காது மூக்கு வைத்து எழுதுவதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாட்டோடும் ஆடும் டென்னிஸ் கோப்பையில் ஹங்கேரிக்காரர்கள் இந்த முறை நம் ஊருக்கு ஆட வந்தார்கள். மொத்தம் ஐந்து ஆட்டம், இரண்டு நமக்கு, இரண்டு அவர்களுக்கு. கடைசி ஒற்றையர் ஆட்டம் டாலிபோர் தலையில் விழுந்தது. அதுவும் ஐந்தாவது செட் வரை இழுத்தது. அங்கே அவனுடைய இடது பக்கக் கோட்டருகே எதிராளியின் பந்து ஒன்று விழுந்தது. கோட்டு நடுவர் வெளியே என்று கை நீட்டினார், பாயிண்டு நமக்கு. இவன் ஒரு கணம் நின்றான், அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்துவிட்டான். தப்பாகக் கிடைத்த பாயிண்டை இப்படித் திருப்பிக் கொடுப்பது நம் கிளப்பில் எவ்வளவு பெரிய மரியாதை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஆட்டம் அதற்கப்புறம் கையை விட்டுப் போயிற்று, தோற்றோம். ஆனாலும் பத்திரிகையில் படம், கிளப்பில் விருந்து, அம்மா ரொட்டிக் கடைக்குப் போனால்கூட வாழ்த்து. இரட்டையர் ஆட்டத்தில் அவனோடு சேர்ந்து ஆடும் ஸ்வோன்கோ மட்டும் விருந்துக்கு வரவில்லை. அந்த முரடனை உனக்கு எப்போதும் ஆகாது. எல்லார் எதிரிலும் அவன் டாலிபோரைப் பார்த்து, "அது என்ன உன் வீட்டுச் சொத்தாடா, எடுத்துக் குடுக்க? நாங்களும் சேந்துதானே ஆடினோம்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜெயித்த ஹங்கேரிக்காரப் பையன் அடோன் நம் வீட்டில்தான் தங்கியிருந்தான். ஊருக்குக் கிளம்பும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே, அந்தப் பந்து ஒரு சாண் வெளியே விழுந்தது, செம்மண்ணில் தடத்தை என் கண்ணாலேயே பார்த்தேன், உங்கள் பிள்ளை ஏன் அப்படிச் செய்தான் என்று என்னிடம் கேட்டான். எனக்குச் சட்டென்று அவன் கண் ஞாபகம் வந்தது. ஏப்ரலில் பயிற்சியின்போது வலையருகே நின்ற டாலிபோருக்கு இடது கண்ணில் பந்து பட்டது, வீங்கி வடிந்துவிட்டது என்று உனக்கு எழுதியிருந்தேன். அடோன் கிளம்பிப் போன அன்று மத்தியானம் டாலிபோர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இடது பக்கமாகப் போய் ஒரு ப்ளம் பழத்தை அவன் கைக்குப் போட்டேன். அது கன்னத்தில் பட்டுத் தட்டில் விழுந்தது. அம்மா சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் ஒத்துக்கொண்டான். "பந்து எனக்குத் தெரியவே இல்லப்பா. தெரியாதத எப்படி நம்மளதுன்னு வாங்கிக்கறது? அதான் விட்டுட்டேன்" என்றான். வியன்னாவில் ஆஸ்திரியாவோடு அடுத்த ஆட்டம், அது மட்டும் முடியட்டும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். அங்கேயும் இரட்டையரில் வலையருகே நிற்கப்போகிறவன் இவன்தான். இருக்கிற ஒரு கண்ணிலும் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இந்த மாதிரி நேரத்தில் நான் பதறுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பயந்துபோனேன், நெவென்கா.

அணித் தலைவரிடம் போகலாமா என்று யோசித்து, கடைசியில் ஸ்வோன்கோவின் தோல் கடைக்குப் போனேன். கண் விஷயத்தைச் சொல்லி, வலையருகே நீ நின்றுகொள், அவனைப் பின்னால் நிறுத்து என்றுதான் கேட்டேன். அவன் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தான். பிறகு, "பின்னாடி நின்னா மட்டும் பந்து வராதா மாமா? அவன் வியன்னாவுக்கே வரக் கூடாது" என்றான். அப்படியானால் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "வேணாம். கண்ணுன்னு சொன்னா, அன்னைக்குக் குடுத்ததையும் கண்ணுக் கோளாறுன்னுடுவாங்க. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றான்.

மறுநாள் அவன் கிளப்புக்குப் போய், கையில் கிடைத்ததைத் தானம் பண்ணுகிறவனோடு சேர்ந்து இனி ஆடமாட்டேன், வியன்னாவுக்கு அவனா நானா என்று முடிவு செய்யுங்கள் என்று சத்தம் போட்டிருக்கிறான். இரட்டையருக்கு ஸ்வோன்கோவை விட்டால் வேறு ஆள் கிடையாது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு டாலிபோரை அணியிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது ஊரே ஸ்வோன்கோவைக் காறித் துப்புகிறது, பொறாமை பிடித்தவன் என்கிறது. கிளப்பில் அவன் உட்காரும் மேசையில் யாரும் உட்காருவதில்லை. டாலிபோர் ஒரு வாரம் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஆட்டம்தான் இல்லையே என்று என்னோடு கண் மருத்துவரிடம் வந்தான். இடது கண்ணில் பார்வை திரும்பாது, வலது கண் நன்றாக இருக்கிறது, இனி ராக்கெட்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லிவிட்டோம். நேற்று நானும் அவளும் கடைத்தெருவில் போகும்போது எதிரே ஸ்வோன்கோ வந்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். நான் தொப்பியைக் கழற்றினேன். அவன் என்னைப் பார்க்காதவன் போல நடந்தான். காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று அவனுக்குப் பயம்.

ஸ்வோன்கோ ஏன் அப்படிச் சத்தம் போட்டான் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும், இப்போது உனக்கும். பதிலில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட வேண்டாம், கடிதத்தை முதலில் பிரிப்பவள் உன் அம்மா. ஷிமேவுக்கு எங்கள் அன்பைச் சொல். கடவுள் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். குழந்தைக்குக் காதை மூடிக் கம்பளிக் குல்லாய் போடு. அடுத்து ஆண் குழந்தை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தாயே, ஸ்வோன்கோ என்று வை. அம்மா சண்டைக்கு வருவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
லூதெவித்