இடது ஸ்டிக்குக்கு ஒரு ஸ்பிரிங்

மார்ச் 3, ஞாயிறு
நல்ல காற்று. குன்றுச் சரிவில் எல்லோரும் ரிமோட்டில் பறக்கும் மாதிரி கிளைடர் விட்டார்கள். நான் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரம்பத்தில் மாட்டிய வலது கட்டைவிரல் வளைகிறது. ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளு என்றால் மட்டும் யாருக்கோ சொன்ன மாதிரி கிடக்கிறது. என் கிளைடருக்கு மோட்டார் கிடையாது. திருப்புவதும் மூக்கை ஏற்றி இறக்குவதும் அந்த வலது ஸ்டிக்தான்.

மார்ச் 5
இடது கைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னாள் மனைவி. என்னவோ சட்டை மாற்றுவது போல! மாற்றினால், வலது விரல் இனி தேறாது என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகாதா? கத்திவிட்டேன்.

மார்ச் 8
பிசியோதெரபிப் பெண் நேராகவே சொல்லிவிட்டார். "வலி குறையும். பழைய பலம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

மார்ச் 9
மாற்றினேன். ரிமோட்டின் மெனுவுக்குள் புகுந்து எல்லாவற்றையும் இடது ஸ்டிக்குக்குக் கொடுத்து, 'தற்காலிகம்' என்று பெயரிட்டுச் சேமித்தேன். பழையதை அழிக்கவில்லை.

மார்ச் 10
நாசம். மூக்கை இறக்கிவிட்டு விரலை எடுத்தேன் — ஸ்டிக் இறக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. மோட்டார் வைத்த விமானங்களுக்கு வேகம் கொடுக்கும் பக்கம் அது; நடுவுக்குத் திரும்ப ஸ்பிரிங் கிடையாது. இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் தோன்றவில்லையே, என்ன மண்டை இது? கிளைடர் தரையில் குத்தி மூக்கு உடைந்தது. "அத்தான், உங்களுக்காக நான் விடட்டுமா?" என்றான் மனைவியின் தம்பி. அவனிடம் இன்னும் பேசவில்லை.

மார்ச் 13
மூக்கை ஒட்டியாயிற்று. வலது பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி இடதில் மாட்ட வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை இழுக்க. எனக்கு இருப்பதோ ஒன்றேகால் கை. ஸ்பிரிங் தெறித்துத் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. ரிமோட்டையே வீசப் போனேன். மனைவி புருவம் திருத்தும் இடுக்கியோடு வந்து உட்கார்ந்தாள்.
"நீங்க பிடிங்க. நான் மாட்டறேன்."
மாட்டிவிட்டாள். வலது ஸ்டிக் இப்போது தொளதொளவென்று ஆடுகிறது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு
மனைவிதான் எறிந்து பறக்கவிட்டாள், கொஞ்சம் கோணலாக. கிளைடர் மூக்கைக் கவிழ்த்தது. இழுக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குள் இடது விரல் இழுத்திருந்தது. சரிவுக்கு மேலே காற்றில் போய் நின்றது, கழுதை.
திரும்பும் வழியில் ரிமோட் திரையைப் பார்த்து, "இன்னும் தற்காலிகம்னே இருக்கே?" என்றாள்.
வீட்டுக்கு வந்து அந்தப் பெயரை எடுத்தேன். பழைய வலதுகை அமைப்பையும் அழித்தேன். நிஜமாகவே அழிக்கவா என்று மறுபடி மறுபடி கேட்கிறது, சனியன்.