அரை கிலோமீட்டர் கூட

தை மாதம், புதன். இரவு.

ஓட்டப் பயிற்சிக்காக வீட்டுக்காரரும் நானும் வேறு வேறு கம்பெனியின் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கினோம். ஒத்துப்பார்த்து, தப்பாகக் காட்டுவதை நாளைக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

காலையில் பேத்துப்பாறை மலைரோட்டில் ஓடினோம். வழக்கம்போல அவர் முன்னால் போய்ப் பனிமூட்டத்தில் மறைந்துவிட்டார். எனக்கு எரிச்சல். ஒரே ரோடு, ஒரே தூரம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடையது மட்டும் அரை கிலோமீட்டர் கூடக் காட்டியது.

"உங்க வாட்ச் புளுகுதுங்க. அனுப்பிருவோம்."

"சரி, அனுப்பிரு ஸ்டெல்லா."

இட்லிக்குச் சட்னி போதாது என்றால்கூட வாதாடுகிற மனுஷன், இதற்கு ஏன் உடனே சரி என்றார்?

சாயங்காலம் அதைப் பெட்டியில் வைக்குமுன் அது பதிந்திருந்த மேப்பைப் போனில் திறந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய கோடு கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போயிருந்தது.

"என்னங்க இது?"

கேரட் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "காட்டுமாடு நிக்கிற எடம்லா அது. ஒன் ஷூ சத்தம் கேக்குற வரைக்கும் வருவேன். கேட்டதும் திரும்பிருவேன்."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா பயந்து ஓட வரமாட்டே."

அவருடையதுக்குப் பதிலாக என் வாட்சைப் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டேன். அந்த அரை கிலோமீட்டர் அதில் வராது.