மகன் வந்த பிறகு போடும் நாடகம்

தங்கச்சி,

இன்று வெள்ளவத்தையில் உடுப்பு அயன் பண்ணும் கடையைக் கடந்தபோது சூடான சட்டை மணத்தது. உங்கள் நினைவு வந்துவிட்டது. நான்தான் எழுதுகிறேன், என் கையால்! எழுபது வயது தாண்டிப் படித்த எழுத்து. ‘ழ’ போடும்போது நாக்கும் கூட வளைகிறது.

சண்டைக் காலம். நீங்கள் எழுதும் நாடகத்துக்காக எதையாவது நேரில் பார்க்க என் ஓட்டோவில் ஏறுவீர்கள்; அண்ணன் முறையில் ‘நானா’ என்று என்னைக் கூப்பிடுவீர்கள். ஒருநாள், பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளுக்காகத் தாய்மார் நிற்கும் பொலிஸ் நிலைய வாசலுக்கு, கொட்டாஞ்சேனைக்குப் போகச் சொன்னீர்கள்.

“ஒங்களுக்குப் பைத்தியமா தங்கச்சி? ஒங்களையும் உள்ளுக்குப் போடுவாங்க.”

“என்ர நாடகத்தில தாய் கத்தி அழுறா, நானா. அப்பிடித்தானோ எண்டு பாக்கவேணும்.”

அங்கே ஒருவரும் அழவில்லை. ஓர் அம்மா அயன் பண்ணிய சட்டையைக் கசங்காமல் கையில் ஏந்தி நின்றார்.

“என்ர பெடியனை மேல்சட்டை இல்லாம, இடுப்பில கட்டின சாரத்தோட கொண்டுபோனவை. வரேக்க போட வேணுமே. உங்கட ஆர் உள்ளுக்கு?”

“ஒருத்தரும் இல்லையம்மா. நாடகம் எழுதுறன்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஓட்டோவைக் கிளப்பத் தயாரானேன். பிறகு அவரே சொன்னார்: “எழுது பிள்ளை. ஆனா என்ர பெடியன் வந்தாப்பிறகு மேடையில போடு. அவனும் பாத்துச் சிரிக்கட்டும்.”

“ஓம்” என்றீர்கள்.

திரும்பும் வழியிலேயே நாடகத்திலிருந்த அழுகையை வெட்டிவிட்டீர்கள். “இனி அவ சட்டையைத் தடவிக்கொண்டு நிப்பா, நானா.”

நாடகத்தை மேடையில் போடக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் “இன்னும் வரேல்ல” என்பீர்கள். நடிகர் யாரோ வரவில்லை என்று நினைத்துப் போவார்கள். கொட்டாஞ்சேனையிலேயே இருந்த அந்த அம்மா வீட்டுக்கு அடிக்கடி போய் விசாரித்தோம். சண்டை முடிந்தது. பெடியன் வரவில்லை. கடைசி நோயில் படுத்தபோது எழுதியதை என்னிடம் தந்தீர்கள். “வாசிக்கத் தெரியாத ஆளிட்டதான் பத்திரமா இருக்கும், நானா” என்று அந்த நிலையிலும் பகிடி விட்டீர்கள்.

இப்போது எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன், தங்கச்சி. தாய் சட்டையைத் தடவும் இடத்தில் ஒரு வரிக்கு ஒரு பகல் போனது. எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு கஷ்டம்.

போன கிழமை சில இளம் ஆட்கள் அதை மேடையேற்றக் கேட்டு வந்தார்கள். மகன் வந்தானா என்று கேட்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அம்மா நன்றாகத் தளர்ந்துவிட்டார். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் எட்டிப் பார்த்தார். அதற்குமேல் எதைக் கேட்பது?

வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இனியும் போவேன், தங்கச்சி. ஆனால் அந்தக் கதவைத் தட்டுமுன் நானும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பேன்.